கம்பளிக்குள் கொடுத்த குரல்

எங்கள் மலையில் யாருக்குப் போன் செய்தாலும் கூப்பிட்ட காரியத்தைச் சட்டென்று பேசிவிட முடியாது. முதலில் குழம்பு. "இன்னா கொழம்பு வெச்ச?" என்று கேட்பார்கள். சொல்ல வேண்டும். கத்தரிக்காய் என்றால் எங்கே வாங்கியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிறகு மாடு, பிறகு மழை, பிறகு யார் வீட்டில் யாருக்கு உடம்புக்கு முடியவில்லை என்பது. இதெல்லாம் ஓய்ந்த பிறகுதான் நாம் எதற்காகக் கூப்பிட்டோமோ அந்தப் பேச்சு. கீழ்நாட்டிலிருந்து வருகிற ஆபீஸர்கள் இதற்குள் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். எனக்கு இந்தக் குழம்புப் பேச்சுதான் பிழைப்பாக இருந்தது.

புதூர்நாட்டுப் பக்கம் விவசாயிகளிடம் சாமையும் புளியும் வாங்கி விற்கிற ஒரு கம்பெனியில் நான் ஒருங்கிணைப்பாளர். பெயர்தான் பெரிசு. சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ ஒரு கடைக்காரர் சாமை வேண்டும் என்று மெயில் போடுவார். அதைப் படித்து, ஷீட்டில் ஏற்றி, எந்த ஊரில் யார் தானியக் குதிரில் சரக்கு இருக்கிறதோ அந்த வீட்டுக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டு, ஜீப் ஓட்டும் அண்ணனுக்குச் சொல்லி, ஷெட்டில் எடை போடச் சொல்லி, பில் போடுகிறவருக்குத் தகவல் கொடுத்து, கடைசியில் கடைக்காரருக்கு "சரக்கு கிளம்பிவிட்டது" என்று பதில் போட வேண்டும். மெயில் ஓர் இடம், ஷீட் ஓர் இடம், பில் ஓர் இடம், போன் ஓர் இடம். இந்த நாலுக்கும் நடுவில் கயிறு மாதிரி நான் கிடந்தேன்.

எழுதி அனுப்பினால் எங்கள் பக்கம் வேலைக்கு ஆகாது. படிக்கத் தெரியாதவர்கள் பாதி; படிக்கத் தெரிந்தும், எழுத்தில் வந்தால் அது ஏதோ நோட்டீஸ் என்று பயப்படுகிறவர்கள் மீதி. குரலென்றால் கேட்பார்கள். பல ஊர்களில் வீட்டுக்குள் டவர் கிடைக்காது. ஊருக்கு ஒரு பாறையோ மேடோ இருக்கும். காலையில் மாட்டை ஓட்டிக்கொண்டு அங்கே ஏறினால் மெசேஜ்கள் பொத்தென்று வந்து விழும். என் குரலைக் கேட்டுவிட்டுப் பதில் பேசி அனுப்புவார்கள்.

அந்தப் பதிலைப் புரிந்துகொள்வதில்தான் சூட்சுமம் இருக்கிறது. எங்கள் ஆட்கள் முடியாது என்று நேராகச் சொல்லவே மாட்டார்கள். "பாக்கலாம்" என்றால் முடியாது. "ஆவட்டும்" என்றால் அரைமனசு. "நீ சொன்னா சரிதான்" என்றால் ஏதோ கோபம். "எடுத்து வெச்சிட்டேன், வா" என்றால் மட்டும்தான் மூட்டை நிஜமாகவே வாசலில் நிற்கிறது என்று அர்த்தம்.

நான் வைத்திருந்தது கம்பெனி கொடுத்த போன், கம்பெனி எண். எனக்கென்று வேறு எண் வைத்துக்கொள்ளவில்லை. கல்யாணச் சேதி, காதுகுத்துச் சேதி, பிள்ளை பிறந்த சேதி எல்லாம் அந்த எண்ணுக்குத்தான் வரும். மலை முழுக்க அந்த எண் என் படத்தோடு இருந்தது. நான் ஜீப் வரும் என்றால் வரும். வராது என்றால், மூட்டையை வாசலில் மழைக்கு நனையவிடாமல் உள்ளே எடுத்து வைத்துக்கொள்வார்கள். சொன்ன சொல் மாறாதவள் என்று எனக்கு ஒரு பேர் இருந்தது. நகை நட்டு இல்லாத எனக்கு அதுதான் சொத்து.

இனி என் தோழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருப்பத்தூர்க் கல்லூரியில் மூன்று வருஷமும் என் பக்கத்தில் உட்கார்ந்தவள். ஆலங்காயத்துக்காரி. கம்ப்யூட்டரில் கெட்டிக்காரி. கம்பெனிக்கு அந்த வேலைக்கு ஆள் வேண்டும் என்றபோது அவள் பெயரைச் சொன்னவளே நான்தான். வேலையில் சேர்ந்த பிறகு வாரத்தில் பாதி நாள் என் வீட்டில்தான் சாப்பாடு. பலா சீசனில் அவளை என் அத்தை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவேன். அத்தை என் அப்பாவின் தங்கை. அப்பாவும் அம்மாவும் போன பிறகு எனக்குத் தாய்வீடு என்று சொல்லிக்கொள்ள மிஞ்சியது அத்தையும் மாமாவும் இருந்த அந்த வீடுதான். மாமா கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பலா அரிவார். "கீழ இருந்து வந்த பொண்ணு, அதுக்கு முதல்ல குடு" என்று நல்ல சுளையெல்லாம் அவளுக்கே போகும். நான் முறைப்பேன். மாமா சிரிப்பார்.

அவள்தான் போர்டு கொண்டுவந்தாள். நிஜப் பலகை இல்லை, லேப்டாப்பில் தெரிகிற பலகை. "ஆர்டர் வந்தது", "ஊருக்குச் சொல்", "மூட்டை தயார்", "ஜீப்", "ஷெட்", "அனுப்பியாச்சு" என்று வரிசையாகக் கட்டங்கள். ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு கார்டு. வேலை நகர நகர, கார்டும் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு நகரும். முதலில் நான் கையால் நகர்த்திக்கொண்டிருந்தேன். பிறகு அவள் ஒவ்வொன்றாக முடிச்சுப் போட ஆரம்பித்தாள். மெயில் வந்தால் கார்டு தானாகப் பிறக்கும். ஷெட்டில் எடை ஏறினால் பில் தானாகப் போகும். பில் போனால் கடைக்காரருக்கு மெயில் தானாகப் போகும். எனக்கு அது பிடித்திருந்தது என்பதை மறைக்க மாட்டேன். ஒரே எடையை மூன்று இடத்தில் தட்டித் தட்டி விரல் தேய்ந்தவளுக்குத்தான் அந்த அருமை தெரியும்.

"மிச்சம் இருக்கறது ஒன்னே ஒன்னுதான்டீ. ஊருக்குச் சொல்றது" என்றாள்.

"அதுக்கு நான் கீறேன் இல்ல?"

"நீ எல்லா நாளும் இருப்பியா? ஒருநாள் காய்ச்சல்ல படுத்தா? வாய்ஸ பதிவு பண்ணிக் குடு. நீ படுத்துக்க, அது பேசும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தாள். வீட்டுக்கு மேலே தகரம், பேசினால் எதிரொலித்தது. வெளியே சேவல் வேறு. கட்டிலில் கிடந்த கம்பளியை எடுத்து எங்கள் இருவர் தலைக்கும் மேலே போர்த்தினாள். உள்ளே வேர்த்துக் கொட்டியது. அவள் போனைப் பிடித்துக்கொள்ள, நான் சொல்லச் சொல்லப் பதிந்தது. ஊர்ப் பெயர்கள், கிழமைகள், சாமை, புளி, சரிங்க, ஜீப் வருது, ஜீப் நாளைக்கு வருது. பிறகு முறைகள். அக்கா, அண்ணா, அத்தை, மாமா, சின்னம்மா. எந்த வீட்டை நான் எந்த முறை சொல்லிக் கூப்பிடுவேன் என்று கேட்டுக் கேட்டு ஏற்றிக்கொண்டாள்.

"அத்த, சாமை எடுத்து வெச்சிட்டீங்களா?" என்று சொல்லும்போது அவள் என் விலாவில் கிள்ளினாள். அத்தையிடம் நீ என்று பேசுகிறவள், இங்கே "வெச்சிட்டீங்களா" என்று மரியாதை கொழிக்கப் பேசுகிறேனாம். வார்த்தை முடிவதற்குள் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அழிச்சிட்டு மறுபடி சொல்றேன்."

"வேணாம் வேணாம். சிரிப்பு இருக்கட்டும். அப்பதான் உயிரா கீது" என்றாள்.

அன்றைக்குத்தான் அவளிடம் பாக்கலாம், ஆவட்டும் கதையெல்லாம் சொன்னேன். பதில் வந்தால் மட்டும் போதாது, என்ன பதில் என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்றேன். தலையைத் தலையை ஆட்டினாள். பிறகு நான் வைத்த மொச்சைக்குழம்பை இரண்டாம் தடவை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

சில வாரங்கள் கழித்து மேலாளர் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான். யாரையாவது வேலையை விட்டு அனுப்புவதென்றால் முதலில் டீ வரவழைப்பார். டீ வந்தது.

"போர்டே எல்லாத்தையும் பாத்துக்குதுங்க. உங்க போஸ்ட்டுக்குத் தனியா ஆள் வெக்கறது கஷ்டம்னு மேல சொல்லிட்டாங்க" என்றார். நான் டீயைத் தொடவில்லை. அதைத் தப்பாக எடுத்துக்கொண்டு, "போன சீசன்லயே முடிவானதுங்க இது. உங்க ஃப்ரெண்டு சொல்லலியா? பக்குவமா நானே சொல்லிக்கறேன்னாங்களே" என்றார்.

போன சீசனில் முடிவானது. கம்பளி போர்த்தியது அதற்குப் பிறகு. அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் தெரிந்துகொண்டேதான் வந்திருக்கிறாள். என் இடத்துக்கு எதை வைக்கப் போகிறார்களோ அதை என் வாயாலேயே வாங்கிக்கொண்டு போக வந்திருக்கிறாள். வந்த இடத்தில் விலாவில் கிள்ளியும் இருக்கிறாள். கிளையில் உட்கார்ந்துகொண்டு அதையே வெட்டின கதை கேட்டிருக்கிறேன். இங்கே வெட்டியவள் அவள். கிளையைப் பிடித்துக் கொடுத்தவள் நான்.

அவள் மேசைக்குப் போனேன். லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நான் சொல்லலாம்னுதான்டீ இருந்தேன்" என்றாள்.

திட்டியிருக்க வேண்டும். எனக்கு வாய் நீளம் என்று மலைக்கே தெரியும். அன்றைக்குத் திட்டாமல், போனை மேசைமேல் வைத்தேன். "என் குரல எடுத்துடு" என்றேன்.

"எடுத்துடறேன்டீ. வேற பொண்ணு கிட்ட பதிவு பண்ணணும், அதுவரைக்கும்தான்."

வாணியம்பாடியில் தோல் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரரின் எண்ணை ஒரு தாளில் எழுதினேன். "யாராவது என்னத் தேடினா இந்த நம்பரக் குடு."

"நான் பாத்துக்கறேன்" என்றாள். அவள்மேல் எனக்கு எரிச்சல் ஆறவில்லைதான். ஆனாலும் ஒரு எண்ணைச் சொல்கிற உதவியைக்கூடச் செய்யாமல் போவாள் என்று நான் நினைக்கவே இல்லை.

வீட்டைப் பூட்டிக்கொண்டு வாணியம்பாடிக்கு வீட்டுக்காரரோடு வந்துவிட்டேன். மாடியில் ஓர் அறை. கீழே வீட்டுச் சொந்தக்காரம்மா, தோல் வியாபாரக் குடும்பம், வெள்ளிக்கிழமை தவறாமல் ஒரு கிண்ணம் பிரியாணி அனுப்புவார். "மலைமேல இருந்து வந்த பொண்ணு ஏன் பேசவே மாட்டேங்குது?" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டாராம். இவர் சிரித்து, "இது பேசாதுன்னு சொன்ன மொத ஆளு நீங்கதாங்க" என்றாராம். அத்தையின் எண் மனப்பாடம் என்பதால் இவர் போனிலிருந்து அவ்வப்போது அடித்துப் பார்ப்பேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று வரும். பாறைமேல் இருக்கும்போது மணியடித்தாலும், தெரியாத எண் என்றால் அத்தை எடுக்க மாட்டார். யாருக்காவது ஒன்றென்றால் சேதி வராமலா போகும் என்று இருந்துவிட்டேன்.

ஒருநாள் மார்க்கெட்டில் ஜீப் அண்ணனைப் பார்த்தேன். கம்பெனிச் சரக்கை இறக்கிவிட்டு வண்டி ஓரமாக நின்றுகொண்டிருந்தார். மலை முகத்தைப் பார்த்த சந்தோஷத்தில் ஓடிப்போய், "அண்ணே, எப்படி கீறீங்க?" என்றேன்.

முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மறுபடி கூப்பிட்டதும் வெடித்தார்.

"உங்க மாமன் செத்ததுக்கு வரல. சரி, உனக்கு இன்னா கஷ்டமோன்னு வுட்டுடலாம். அதுக்காவ, சாவு வூட்டுக்கு தெனம் காலையில சாமை எடுத்து வெச்சிட்டீங்களா, சாமை எடுத்து வெச்சிட்டீங்களான்னு கேப்பியாம்மா? அதுவும் சிரிச்சிக்கினு?"

மாமா செத்துப்போனது எனக்கு அப்படித்தான் தெரியவந்தது. கூடையைப் போட்டுவிட்டு நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டேன். நான் அழுததைப் பார்த்த பிறகுதான் அண்ணனுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. வேலையை விட்டு என்னை அனுப்பிவிட்டார்கள், அந்தப் போன் என் கையில் இல்லை, பேசுவது பதிந்து வைத்த குரல் என்று திக்கித் திக்கிச் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"எனக்கு மூட்டை தயார்னு மெசேஜ் வந்துச்சி. போனேன். வாசல்ல பந்தல் போட்டுக் கீது. தெரியாம ஆரன் வேற அடிச்சிட்டேன்."

எங்கள் பக்கம் ஒரு வழக்கம். சாவு விழுந்த வீட்டில் கருமாதி முடிகிற வரை தானியக் குதிரைத் திறந்து விற்பனைக்கு அளக்க மாட்டார்கள். சாப்பாட்டுக்குக்கூடப் பங்காளி வீட்டிலிருந்துதான் அரிசி வரும். அந்த வீட்டு வாசலில் போய் சாமைக்காக ஆரன் அடிப்பதும், செத்தவர் முகத்தில் சாணியை வீசுவதும் ஒன்றுதான். அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் மன்னிப்புக் கேட்டாராம். பிறகு தன் போனில் "மூட்டை கிடைக்கவில்லை" என்று தட்டிவிட்டு வந்தாராம்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது. அந்தப் போர்டு எனக்குத் தெரிந்த போர்டுதானே. மூட்டை கிடைக்கவில்லை என்றால் கார்டு பழையபடி "ஊருக்குச் சொல்" கட்டத்துக்குத் திரும்பும். மறுநாள் காலை என் குரல் மறுபடி போகும். அத்தை ஏதாவது பதில் பேசுவார். பதில் வந்தாலே கார்டு "மூட்டை தயார்" கட்டத்துக்குப் போய்விடும். அண்ணனுக்குத் தகவல் வரும். அண்ணன் போக மாட்டார். கிடைக்கவில்லை என்று தட்டுவார். மறுநாள் காலை மறுபடி என் குரல். செக்குமாடு சுற்றுகிற மாதிரி அத்தை வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது.

அன்றைக்கே ஆலங்காயம் பஸ் ஏறி, அங்கிருந்து ஜீப்பில் மலைக்குப் போனேன். வீட்டுக்காரர் வேலையில் லீவு சொல்லிவிட்டு மறுநாள் வருவதாகச் சொன்னார். நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போகணும் என்பார்கள். பெற்ற மகள் மாதிரி இருந்தவள், பந்தலைப் பிரித்த பிறகு போய் வாசலில் நின்றேன். இழவுக்கு வரும் பெண்ணை வீட்டுப் பெண்கள் எழுந்து கட்டிக்கொண்டு அழுவார்கள். யாரும் எழவில்லை. குடகுக் காப்பித் தோட்டத்து வேலையிலிருந்து வந்திருந்த அத்தை மகன், என்னைக் கண்டதும் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டான்.

அத்தை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வந்துட்டியா? சாமை எடுத்துக்கினு போவவா வந்த?"

"அத்த, அது நான் இல்ல."

"உன் கொரலு எனக்குத் தெரியாதா?"

எவ்வளவோ சொன்னேன். வேலை போனது, போன் போனது, கம்பளி. அத்தைக்கு அதில் பாதி புரியவில்லை. பதிந்து வைத்த பாட்டு மாதிரி என்று சொன்னபோது, "பாட்டா, அத்தன்னு கூப்பிடும்?" என்று கேட்டார்.

பிறகு அத்தையே சொன்னார். மாமாவுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். அன்றைக்குக் காலையில் மூச்சு வாங்க ஆரம்பித்திருக்கிறது. அத்தை பாறைமேல் ஓடியிருக்கிறார். ஏறியதும் என் குரல் வந்து விழுந்திருக்கிறது, சாமை எடுத்து வெச்சிட்டீங்களா என்று. கடவுளே அனுப்பிய மாதிரி இருந்ததாம். பொத்தானை அழுத்திப் பேசியிருக்கிறார்: "சாமை கெடக்குதும்மா, மாமாவுக்கு மூச்சு வாங்குது, ஜீப்ப சீக்கிரம் அனுப்பு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போவணும்." உடனே என் குரல் திரும்பி வந்ததாம், "சரிங்க, ஜீப் நாளைக்கு வருது" என்று.

"நீ நாளைக்குன்னா, அதுக்கு மேல ஜீப்பு இல்லன்னு நெனச்சேன். இருந்தா அனுப்பாம இருப்பியா நீ? அதான் வேற யாரையும் கேக்கல. நெஞ்சுல தழை வெச்சிக் கட்டிக்கினு உக்காந்துனு இருந்தோம்" என்றார். அத்தை அழவில்லை. எனக்குத்தான் அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

மாமா அன்று பொழுது சாய்வதற்குள் போய்விட்டார். மறுநாள் ஜீப் வந்தது. சொன்ன சொல் தவறாமல் வந்தது, சாமைக்கு.

சாவுச் சேதியையும் அத்தை அந்த எண்ணுக்குத்தான் சொல்லியிருக்கிறார். ஊரில் யார் யாரோ கேட்டதற்கெல்லாம், "அவளுக்குச் சொல்லியாச்சு, வந்துனு இருப்பா" என்றிருக்கிறார். அதனால் வேறு யாரும் என்னைத் தேடவில்லை. நான் வரவில்லை. ஜீப் வந்து போன மறுநாள் காலையிலிருந்து சாமை கேட்க ஆரம்பித்தேன். அத்தை முதல் சில நாட்கள் அதற்கும் பதில் பேசியிருக்கிறார். மாமாவை எங்கே புதைத்தார்கள், மகன் எப்போது வந்தான், மாமாவின் மாடு தீனி எடுக்கவில்லை என்றெல்லாம். "உன்கிட்டதான எல்லாத்தையும் சொன்னேன். நீ ஒத்த வார்த்த கேக்கல" என்றார்.

இரவு அங்கேயே தங்கினேன். யாரும் போ என்று சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. காலையில் அத்தையோடு பாறைமேல் ஏறினேன். போன் கூவியது. அத்தை என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அழுத்தினார். நான் வாயை மூடிக்கொண்டு நிற்க, என் குரல் பேசியது. "அத்த, சாமை எடுத்து வெச்சிட்டீங்களா?" கடைசியில் அந்தச் சிரிப்பு. அத்தைக்கு அப்போதுதான் நம்பிக்கை வந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டார். உடனே விட்டுவிட்டார். என்னைப் பார்த்தும் பயந்த மாதிரி இருந்தது.

நேராகக் கம்பெனிக்குப் போனேன். தோழி எழுந்து நின்று, "வாடீ, எப்ப வந்த?" என்றாள். பழைய போன் அவள் மேசையில் வயரோடு கிடந்தது.

"என் குரல எடுத்துடறேன்னு சொன்ன."

"வேற பொண்ணு கெடைக்கலடீ. அதோட உன் குரலுக்கு நல்லா பதில் வருது. யாருமே பதில் போடாம இருக்கறதில்ல."

"இன்னா பதில் வருதுன்னு கேட்டியா?"

"அதெல்லாம் யாருக்குடீ நேரம் கீது? மலைப் பேச்சு மெஷினுக்கும் புரியாது. பதில் வந்துச்சா, வரலையா, அவ்ளோதான் போர்டு பாக்கும்."

"அத்த வூட்டு மெசேஜப் போடு" என்றேன். மாட்டேன் என்று சொல்லத்தான் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போட்டாள். ஆபீஸ் முழுக்க அத்தையின் குரல் கேட்டது. மூச்சு வாங்குது என்றது. ஜீப்ப சீக்கிரம் அனுப்பு என்றது. அது யார் குரல் என்று அவளுக்குத் தெரியும். அந்த வீட்டுச் சுளையைத் தின்றவள் அவள். வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்து மேசைக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார்.

"எனக்குத் தெரியாதுடீ. சத்தியமா தெரியாது" என்று அழுதாள்.

"இது தெரியாம நடந்துச்சு. கம்பளி தெரிஞ்சிதான போத்துன?" என்றேன்.

நான் எழுதிக் கொடுத்த தாள் எங்கே என்று கேட்டேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு லேப்டாப்பைத் திறந்து, என் குரலை ஒவ்வொன்றாக அழித்தாள். அக்கா போனது, அண்ணா போனது, சின்னம்மா போனது. நான் பக்கத்தில் நின்று கடைசி வரை பார்த்தேன். மேலாளர் கதவருகே வந்து, "டீ சொல்லட்டுங்களா?" என்றார். நான் அவருக்குச் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. எழுதினால் அச்சில் போட மாட்டார்கள்.

அன்றைக்கு ஜீப் வந்திருந்தால் மாமா பிழைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரி தூரம். பிழைக்காமலும் போயிருக்கலாம். ஆனால் நான் இருந்திருந்தால் அண்ணனைக் கூப்பிட்டிருப்பேன், அவர் உடனே வந்திருப்பார், மாமா வழியிலாவது போயிருப்பார். கைவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு போயிருக்க மாட்டார். அந்த நினைப்பில் நான்தான் இருந்திருப்பேன் என்பதை எப்படி யோசித்தாலும் தாங்க முடியவில்லை. அந்தத் தோழியை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கச் சொல்லி வந்தவர்களிடம், மொச்சைக்குழம்பைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள் என்றேன். அவர்கள் சிரித்தார்கள். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

கருமாதி முடிந்தது. அத்தை என்னோடு பேசுகிறார். கோபம் எல்லாம் போய்விட்டது என்கிறார், அத்தை மகனும் பேசுகிறான். இப்போது எனக்கென்று சொந்த எண் இருக்கிறது. மலையில் வீடு வீடாகப் போய் அதைக் கொடுத்தேன். வாரம் ஒருமுறை வாணியம்பாடியிலிருந்து அத்தையைக் கூப்பிடுகிறேன், பாறைமேல் இருக்கிற நேரம் பார்த்து.

போனை எடுத்ததும் அத்தை பேசுவதில்லை. நான் "அத்த" என்கிறேன். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்கும். பிறகு, "இன்னா கொழம்பு வெச்ச?" என்று கேட்கிறார். அந்தக் கேள்வி எதற்கென்று எனக்குத் தெரியும். நான் என்ன குழம்பு என்று சொல்கிறேன், காய் எங்கே வாங்கினேன் என்றும் சொல்கிறேன், உப்பு கொஞ்சம் கூடிவிட்டது என்று கேட்காததையும் சேர்த்துச் சொல்கிறேன். அதற்குப் பிறகுதான் அத்தை, "நீதானா?" என்கிறார்.